நான்காம் வேற்றுமை

காசிமேட்டில் மீன் ஏலம் விடும் தேசப்பனின்
மண்டையோட்டில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது.
ஆள் விழித்திருந்தார்.
பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் கத்தி,
இந்தப் பக்கம் அவர் முகம்,
முகத்துக்கு எதிரே முக்காலியில் நான்.
மூளை போடும் கோடுகளைப் பார்ப்பது என் வேலை,
பிடித்தம் போக மாதம் இருபத்தோராயிரம்.

பேசிக்கொண்டே இருக்கச் சொன்னார்கள்.
இன்னாத்தப் பேச, என்றார்.
ஏலம் விடுங்கள், என்றேன்.

"வஞ்சிரம் ஒரு கூடை நாலாயிரம்
நாலாயிரத்து நூறு நாலாயிரத்து எரநூறு
பாத்துக்கினே நிக்காத, கேளு,
நாலாயிரத்து முன்"

அங்கே தொட்டிருந்தார்கள்,
மில்லி ஆம்பியர் கணக்கில்.
எடுத்ததும் "னூறு" என்று வந்தது மிச்சம்.
அந்த இடத்தில் ஒரு துண்டுக் காகிதம் வைத்தார்கள்,
எண் ஏழு.
விலை குடியிருக்கும் வீட்டுக்குக் கதவிலக்கம்.

பதினொன்றில்
அவரே ஏலத்தை நிறுத்தினார்.
"எவன்யா உள்ள நெத்திலி காயப் போட்டது?"
ஏசி அறை. ஸ்பிரிட் வாடை மட்டும்.
இல்லீங்களே, என்றேன்.
"ஒனக்கு இல்ல.
எனக்கு அடிக்குது."

கேண்டீனில் டாக்டர் சந்தானகோபாலன்
போண்டாவைப் பிய்த்தபடி சொன்னார்:
அந்த ஆளின் ஏலக்கூடம்தான் மூளை.
விடியுமுன் ஆயிரம் கூடை வந்து இறங்குகிறது.
எந்தக் குரல் கூடம் முழுக்கக் கேட்கிறதோ
அதற்குப் பெயர் பிரக்ஞை.
மாடியில் முதலாளி என்று ஒருத்தரும் கிடையாது.

டாக்டர் ஃபர்ஹானா, மயக்க மருந்து கொடுப்பவர்,
சட்னிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.
கேட்கட்டும் சார். யாருக்கு?
யாருக்கும் இல்லை. கேட்பதுபோல ஒரு தோற்றம்.
தோற்றம் யாருக்கு?

வாயைத் திறந்தவர்
யாரோ ஏழாம் எண்ணைத் தொட்டதுபோல நின்றார்.
பிறகு, அது மொழியின் குறும்பு, என்றார்.
இலக்கணத்தால் மூளையை அளக்காதீர்கள்.

அளக்கவில்லை.
தினம் நாலு பேரை அணைத்து ஏற்றுகிறேன்.
அணைக்க எவ்வளவு என்று தெரியும்,
கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம்.
அணைந்தது எது என்றுதான்
பதினெட்டு வருடமாக.

அவர் சொல்லி முடிக்கவில்லை. டீ வந்துவிட்டது.

நடுவில் பேச எனக்கு உரிமையில்லை, பேசவில்லை.
ஆனால் இந்த ஊரில் யாரும்
நான் வலிக்கிறேன் என்று சொல்லிக் கேட்டதில்லை.
எனக்கு வலிக்கிறது.
எனக்குப் பசிக்கிறது, பிடிக்கிறது, புரிகிறது, குளிர்கிறது.
எல்லாம் எங்கிருந்தோ வருகின்றன,
நான் வெறும் முகவரி.
கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறார்கள்.
உள்ளே ஆள் இருப்பதாகத்தான்
அவர்களும் நினைத்திருக்க வேண்டும்.
பூட்டிய வீட்டு வாசலிலும்
தபால் குவிந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்,
கொருக்குப்பேட்டையில், எங்கள் தெருவிலேயே.

நாலாம் நாள் வார்டில்
கட்டுப்போட்ட தலையோடு தேசப்பன் கேட்டார்:
அன்னிக்கு நெத்திலி வந்துச்சே,
அது உங்க மிஷின்ல விழுந்துச்சா?
விழுந்தது. அச்செடுத்து வைத்திருந்தேன்.
பதினேழாவது கோட்டில் ஒரு சின்னக் கிறுக்கல்.
விரலால் காட்டினேன்.

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
செவுளைத் திறந்து பார்ப்பவர்போல்
ஓரத்தை விரித்துப் பார்த்தார்.
அப்புறம் காகிதத்தை மூக்கருகில் கொண்டுபோய்
ஆழமாக இழுத்தார்.

"இதுல ஒண்ணும் இல்லியேம்மா."

இல்லை என்றேன்.
ஆனால் இதுதான் அது, என்றும் சொன்னேன்,
சம்பளம் வாங்குகிறேனே.
மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

அன்று ஏழு நாற்பது எண்ணூர் ரயிலில்
திருவொற்றியூரை நெருங்கும்போது
மணலிப் பக்கமிருந்து அந்தக் கந்தக நாற்றம் வந்தது.
பெட்டியில் எல்லோரும் ஒரே நேரத்தில்
மூக்கைப் பொத்தினோம்.
எதிர் சீட்டுப் பெண்ணைப் பார்த்தேன்.
அவளுக்கும் அடிக்கிறது என்று
எப்படித் தெரியும் எனக்கு?
முந்தானைக்கு மேலே அவள் கண்
என்னைப் பார்த்து அதையே கேட்டது,
அல்லது கேட்டதாக எனக்கு.